ஏறுகிற ‘ம்’

புதுத்துறை முனைய விபத்துத் தீர்ப்பாயத்தின் சின்ன அறையில் அன்று பிற்பகல் இருந்தவர்கள்:

தலைவர் கோமதிநாயகம். ஓய்வு பெறும் நாள் நெருங்கிவிட்டதால் எந்த வழக்கையும் இழுக்க விரும்பாதவர்.

இன்னாசி. கிரேனின் மேல்தட்டில் நின்று, சரக்குப் பெட்டி இறங்கும் இடத்தில் ஆள் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லும் வேலைக்காரன். மூன்று பேர் செத்ததற்குக் குற்றம் சாட்டப்பட்டவன்.

சேசம்மா. இன்னாசியின் மனைவி.

நவநீதன். முத்து தயாரிக்கும் கம்பெனியின் பொறியாளர். மேற்கே எங்கிருந்தோ வந்தவர்.

ஜெபக்கனி. வெறுங்காது.

வாசலில் ஒரு காவலர்.

எழுத்தர் இயந்திரம். அது ஆள் இல்லை. ஆனாலும் ஆளாகச் சேர்க்க வேண்டும் என்பது சட்டம். அறையில் பேசியதில் எது பேசப்பட்டதாக ஆகும் என்று முடிவு செய்யும் அதிகாரம் அதற்குத்தான் உண்டு.

செத்துப்போன மூவரின் வீட்டார் வரவில்லை. அவர்களுக்கு வேறொரு நாள் என்று சொல்லிவிட்டார்கள்.

புதுத்துறையில் வேலை பார்க்கும் யாருக்கும் முப்பது வயதைத் தாண்டிக் காது நிலைப்பதில்லை. கப்பல் எஞ்சினும் கிரேனும் தலைக்கு மேல் ஓயாமல் பறக்கும் சரக்கு டிரோன்களும் சேர்ந்து உட்காதைத் தின்றுவிடும். அதன்பிறகு முனையமே இலவசமாக ஒரு கருவியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் பதித்து நரம்போடு சேர்த்துவிடும். புளியங்கொட்டை அளவுதான் இருக்கும். ஊர்ப் பேச்சில் அது புளியமுத்து. முத்து என்றே பெயர் நிலைத்துவிட்டது. முத்து வைத்தால் பேச்சு நன்றாகப் புரியும், அதைக் குறை சொல்ல முடியாது. பாட்டுத்தான் போய்விட்டது. கல்யாணத்துக்கு நாதஸ்வரம் வைப்பதை நிறுத்தினார்கள். தவில் மட்டும் போதும் என்றாகிவிட்டது. மாதா கோயிலில் பாடற்குழு கலைந்தது. அதற்காக யாரும் அழவில்லை. காதில் விழாத ஒன்றை எத்தனை நாளைக்குத்தான் நினைத்துக்கொண்டிருப்பது.

ஜெபக்கனி உப்பளத்துப் பக்கம் வளர்ந்தவள். அங்கே காற்றைத் தவிர இரைச்சல் என்று எதுவும் கிடையாது. அதனால் நாற்பது வயதிலும் அவளுக்குப் பிறந்த காதே இருந்தது. உயிர்ச்சேதம் உள்ள வழக்குகளில் முத்து வைக்காத ஒருவர் பதிவைக் கேட்டுச் சாட்சி சொல்ல வேண்டும் என்று பழைய விதி ஒன்று இருந்தது. அதை எழுதிய காலத்தில் வெறுங்காதுகள் நிறையப் பேர். இப்போது அவள் ஒருத்திதான். தெருவில் போனால் பையன்கள் அவள் பின்னால் நின்று குசுகுசுவென்று ஏதாவது சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்கிறாளா என்று பந்தயம் கட்டுவார்கள். அவள் திரும்புவதில்லை.

இந்த வழக்கின் பதிவை அவள் முந்தின நாளே கேட்டிருந்தாள். மிகச் சின்னப் பதிவு. தொலைவில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து கிரேனை இயக்குகிறவன் வயர்லெஸ்ஸில் சொல்கிறான்: “கீழ ஆளில்ல.” இன்னாசி பதில் சொல்கிறான்: “ம்.” அப்புறம் சங்கிலி ஓடும் சத்தம். அப்புறம் வேறு சத்தங்கள்.

வழக்கு முழுவதும் அந்த ஓர் எழுத்தில் தொங்கியது. ‘ம்’ கீழே இறங்கினால், ஆமாம், ஆளில்லை, இறக்கு என்று அர்த்தம். மேலே ஏறினால், என்ன சொல்கிறாய், விளங்கவில்லை என்று அர்த்தம். இறங்கியிருந்தால் மூன்று சாவும் இன்னாசியின் தலையில். மகள் வளர்ந்து ஆளான பிறகுதான் வெளியே வருவான். ஏறியிருந்தால், கேள்வியைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு பெட்டியை இறக்கிய முனையம் பதில் சொல்ல வேண்டும்.

ஜெபக்கனி கேட்ட ‘ம்’ ஏறியது.

விசாரணைக்கு முன்னால் அவளும் சேசம்மாவும் நடைபாதையில் ஒரே பெஞ்சில் உட்கார வேண்டியிருந்தது.

“எக்கா, நீங்கதான அந்த வெறுங்காது?”

“ஆமா.”

“உங்களுக்குப் பாட்டெல்லாம் கேக்குமோ?”

“கேக்கும்.”

“எனக்கு மறந்தே போச்சு. சின்னப் பிள்ளையில கோயில்ல பாடியிருக்கேன், முன்வரிசையில நின்னு. இப்ப யாரு பாடினாலும் சொளவுல அரிசி பொடைக்க மாதிரி இருக்கு.” சேசம்மா தன் உவமைக்குத் தானே சிரித்துக்கொண்டாள். “மொதல்ல கஷ்டமா இருந்துச்சு. பெறவு பழகிப்போச்சு.”

காவலர் இன்னாசியை அழைத்து வந்தார். ஒல்லியான, உயரமான ஆள். வெயிலில் நின்று நின்று கழுத்து மட்டும் கறுத்திருந்தது. சேசம்மா எழுந்து போய் அவன் சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

“கஞ்சி குடிச்சீகளா?”

“ம்,” என்றான். இறங்கியது. குடித்திருக்கிறான்.

“நாளைக்கு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிரட்டா? பிள்ளையையும் கூட்டிக்கிட்டு. குவார்ட்டர்ஸ்ல ஒத்தையில கெடக்கப் பயமா இருக்கு.”

“ம்…”

இது தொண்டையின் அடியில் கிளம்பி, இழுத்து, மேலே ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. அங்கேயா போகிறாய், அந்த வீட்டில் உன்னை எப்படி நடத்துவார்கள் என்று தெரியாதா, ஆனால் வேறு எங்கே போவாய் என்று நான் எந்த முகத்தோடு கேட்பது என்ற எல்லாமும் அதில் இருந்தது. ஜெபக்கனி தலையைக் குனிந்துகொண்டாள். பிறர் வீட்டுச் சன்னல் வழியாகப் பார்த்துவிட்டது போல இருந்தது.

காவலர் அவனை உள்ளே கூட்டிப்போனார். சேசம்மா திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

“சரின்னுட்டாக,” என்றாள், மூச்சு விட்டு.

ஜெபக்கனி குனிந்த தலையை நிமிர்த்தவில்லை.

“ஒண்ணு சொல்லட்டாக்கா? கல்யாணமான புதுசுல நாங்க எலியும் பூனையும்தான். நான் கெழக்கன்னா அவுக மேக்கம்பாக. ரெண்டு பேரும் முத்து வச்ச பெறவு, மனுசன் தங்கமா மாறிட்டாக. சீட்டு கட்டுவமான்னா சரி. எங்க அம்மா வந்து இருக்கட்டான்னா சரி. ஒரு பிள்ளை போதும், ரெண்டாவது வேண்டாமேன்னேன், அதுக்கும் சரின்னுட்டாக. முத்தால ஒரே லாபம் இதுதான்னு நான் பக்கத்து வீட்டுக்காரிககிட்டச் சொல்லுவேன். எங்க வீட்டுக்கும் ஒண்ணு வாங்கிக் குடு, ஆனா அந்த மாதிரி புருசனோட சேத்துக் குடுன்னு சொல்லுவாளுக.”

சாட்சிகள் வழக்கைப் பற்றிப் பேசக் கூடாது என்று விதி இருந்தது. ஜெபக்கனி வாயை மூடிக்கொண்டிருந்ததற்கு விதி காரணமில்லை. இந்தப் பெண்ணின் இத்தனை வருஷத்து நிம்மதியும் ஒரு கருவி போட்ட தப்புக் கணக்கு என்று ஒரு பெஞ்சில் உட்கார்ந்து எப்படிச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. தீர்ப்பு வந்த பிறகு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டாள்.

உள்ளே கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். “பதிவைப் போடுங்க.”

போட்டார்கள். கீழ ஆளில்ல. ம். சங்கிலி ஓடும் முன்பே நிறுத்திவிட்டார்கள்.

“எழுத்தர் என்ன சொல்லுது?”

இயந்திரம் தன் தெளிவான குரலில் சொன்னது: “சம்மதம்.”

“எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சு. ஜெபக்கனியம்மா, நீங்க?”

“ஏறுது ஐயா. கேள்வி.”

“நல்லா யோசிச்சுச் சொல்லுங்க.”

“நிறையத் தடவை கேட்டேன் ஐயா. மெலிசாத்தான் இருக்கு. ஆனா ஏறுது.”

கோமதிநாயகம் நவநீதனைப் பார்த்தார். “என்ன தம்பி இது? ஒரே பதிவு. எங்களுக்கு ஒண்ணு, அவங்களுக்கு ஒண்ணா? எனக்கு விளங்குற மாதிரி சொல்லுங்க.”

நவநீதன் எழுந்தார். கெட்ட மனிதர் இல்லை. எழுந்ததும் ஜெபக்கனியைப் பார்த்துத் தலையசைக்கக்கூடச் செய்தார்.

“சார், ஒரு மனுசன் குரல் எழுப்பினா ஒரே ஒரு ஒலி வர்றதில்லைங்க. ஒரு ஏணி வருது. அடியில ஒரு படி, அதுக்கு ரெண்டு மடங்குல ஒரு படி, மூணு மடங்குல ஒண்ணு, நாலு மடங்குல ஒண்ணு, அப்படியே மேல மேல போகும். குரல் கனமா, கீச்சான்னு நாம சொல்றது அந்த அடிப்படியை வச்சுத்தான். ஆனா வேடிக்கை என்னன்னா, அடிப்படியை வெட்டி எடுத்துட்டாலும் பிறந்த காதுக்கு அது கேக்கும். மேல இருக்கிற படிகளுக்கு நடுவுல எவ்வளவு இடைவெளின்னு பாத்து, அடியில ஒண்ணு இருந்திருக்கணும்னு மூளையே போட்டுக்கும். பழைய காலத்துப் போன்ல அடி ஒலி எதுவும் வராதுங்க. இருந்தாலும் அப்பா பேசினா அப்பா குரலாத்தான் கேட்டுச்சு.”

“அப்ப முத்து?”

“முத்தால அத்தனை படியையும் நரம்புக்கு அனுப்ப முடியாதுங்க. அதனால அந்தக் கணக்கை முத்தே போட்டு, அடிப்படி இதுதான்னு நரம்புக்குச் சொல்லிடும். மனுசப் பேச்சுக்கு மட்டும்தான். மத்ததெல்லாம் வெறும் சத்தம். துறைமுக இரைச்சல் பூரா அடியிலதான் இருக்கு, அதனால முத்து அடியை வெட்டிட்டுத்தான் கணக்கே ஆரம்பிக்கும். வயர்லெஸ்ஸும் அப்படித்தான்.”

“சரி, பேச்சு நல்லாத்தானே கேக்கு.”

“கேக்குங்க. வாயைத் திறந்து பேசுற எல்லாச் சொல்லும் ஓரளவு வந்துடும். ‘ம்’ மட்டும்…” நவநீதன் உதடுகளை மூடிக் காட்டினார். “அது வாயை மூடிச் சொல்றது. மேல் படியெல்லாம் வாய்க்குள்ளயே நின்னு போயிடும். கீழ் படியை நாங்க வெட்டிட்டோம். கையில ஒண்ணும் மிச்சம் இருக்காது. அப்ப முத்து ஊகிக்கும்.”

“எப்படி?”

“ஏகப்பட்ட ‘ம்’மைப் பதிவு பண்ணி ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. அதுல பெரும்பாலும் சம்மதம்தான். அதனால சந்தேகம் வந்தா, சம்மதம்னு போட்டுடும்.”

ஜெபக்கனிக்கு ஒரு கணம், இதோ முடிந்துவிட்டது, அவரே சொல்லிவிட்டார் என்று தோன்றியது. அவள் இன்னாசியைப் பார்த்தாள். அவனும் நிமிர்ந்திருந்தான்.

“ஆனா சார்,” என்றார் நவநீதன், இப்போது அவளைப் பார்க்காமல், “முத்து ஊகிக்குதுன்னா வெறுங்காதும் ஊகம்தான் பண்ணுது. அதைக் காட்ட அனுமதி வேணும்.”

அவர் கையிலிருந்த பெட்டியைத் தட்டினார். ஓர் ஒலி வந்தது. மற்றவர்களுக்கு அது தகரத்தில் மணல் கொட்டியது போல இருந்திருக்க வேண்டும். கோமதிநாயகம் முகத்தைச் சுளித்தார். ஜெபக்கனிக்குக் கனமான, நீளமான ஒரு சுருதியாகக் கேட்டது, தொலைவில் கப்பல் ஊதுவது போல.

“இந்தச் சுருதியை நீங்க பாடிக் காட்டுங்க மேடம்.”

அவள் தாழ்ந்த குரலில் அதே சுருதியைப் பிடித்தாள். நவநீதன் சுவரில் ஒரு படத்தைக் காட்டினார். ஒலியின் படிகள் கோடு கோடாக, மேலே நெருக்கமாக நின்றன. அவள் பாடிய இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. அந்த இடத்தில் கோடு எதுவும் இல்லை. வெள்ளையாகக் கிடந்தது.

“அங்க ஒண்ணுமே இல்லயேம்மா,” என்றார் கோமதிநாயகம்.

“இல்லதான் ஐயா. ஆனா அப்படித்தான் கேக்கும். அவர் சொன்ன ஏணிதான் இது. முத்துக்கு முன்னால எல்லாருக்கும் அப்படித்தான் கேட்டுச்சு. உங்களுக்கும்.”

“எனக்கு என்ன கேட்டுச்சுன்னு இப்ப பேச்சில்ல. இந்தப் படத்துல இல்லாத ஒண்ணு உங்களுக்குக் கேக்கு. அதை நீங்களே ஒத்துக்கிடுதீங்க.”

“அது காதோட வேலை ஐயா.”

“இருக்கலாம். நாளைக்கு மேல்முறையீடு போனா நான் என்ன எழுத? இல்லாததைக் கேட்கும் சாட்சின்னா?” அவர் குரலில் ஏளனம் இல்லை. அலுப்புத்தான் இருந்தது. “ரெண்டுமே ஊகம்னா, வேற வழியில பாக்க வேண்டியதுதான். இந்த ஆளு வழக்கமா ‘ம்’னா என்ன அர்த்தத்துல சொல்வாரு? தெரிஞ்சவங்க யாரு இருக்கா?”

சேசம்மா எழுந்து நின்றாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். நடைபாதையில் சொல்லியிருக்க வேண்டும். இப்போது எழுந்து சொல்லலாமா என்று ஜெபக்கனி நினைத்தாள். அதற்குள் கேள்வி வந்துவிட்டது.

“உங்க வீட்டுக்காரரு எப்படிப்பட்ட ஆளும்மா?”

“தங்கமான மனுசன் ஐயா.” சேசம்மா இதற்காகவே காத்திருந்தவள் போலச் சொன்னாள். அவனைக் காப்பாற்ற அவளிடம் இருந்தது இது ஒன்றுதான். “ஒரு சண்டை சச்சரவு கெடையாது. மறுத்து ஒரு வார்த்தை பேசினதில்ல. எது சொன்னாலும் ‘ம்’னு கேட்டுக்கிடுவாக. இப்படிப்பட்டவரு ஆளுகளக் கொல்லுவாகளா, நீங்களே சொல்லுங்க.”

“‘ம்’னா சரின்னு அர்த்தம்.”

“ஆமா ஐயா.”

“எப்பவுமே?”

“எப்பவுமே. எனக்குத் தெரிஞ்சு வேற அர்த்தத்துல சொன்னதே இல்ல. சத்தியமா.”

“எழுத்தர், இதைக் குறிச்சாச்சா?”

“குறிக்கப்பட்டது,” என்றது இயந்திரம்.

தன் பேச்சு எங்கோ தவறிப் போய் விழுந்துவிட்டது என்று சேசம்மாவுக்குத் தெரிந்தது. எங்கே என்று தெரியவில்லை. அவள் தலைவரையும் நவநீதனையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் ஜெபக்கனியைப் பார்த்தாள்.

அப்போது இன்னாசி பேசினான்.

“நான் ஒண்ணு கேக்கலாமா ஐயா?”

“சொல்லு.”

“அவன் கீழ ஆளில்லன்னான். எனக்குச் சொல்லுதானா கேக்கானான்னே வெளங்கல. ஆளில்லன்னு அவனே பாத்துச் சொல்லுதானா, இல்ல ஆளில்லதானன்னு என்கிட்டக் கேக்கானா. முத்துல ரெண்டும் ஒரே மாதிரிதான் விழும். அதான் திருப்பிக் கேட்டேன். கேட்டுக்கிட்டே குனிஞ்சு பாக்குறதுக்குள்ள பெட்டி எறங்கிருச்சு.”

“என்னன்னு வாயைத் திறந்து கேட்டிருக்கலாமே.”

“கேட்டிருக்கலாம். வாயில அப்படித்தான் வந்துச்சு. எங்க அய்யாவும் அப்படித்தான் கேப்பாரு.” அவன் தலைவரை நேராகப் பார்த்தான். “செத்ததுல ஒருத்தன் எங்க வீட்டுச் சடங்கு சீருக்கெல்லாம் கூட நின்னவன் ஐயா. நான் ஏன் அவன் மேல பெட்டிய எறக்கச் சொல்லுவேன்.”

“நீ வேணும்னே செஞ்சதா யாரும் சொல்லல. கவனக்குறைவுன்னுதான் வழக்கு.”

“சரி. இப்பச் சொல்லிக் காட்டுதேன். கேளுங்க.” அவன் நெஞ்சை நிமிர்த்தி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கும் பையன் மாதிரி, ஒவ்வொன்றாகச் சொன்னான். “ம்?” பிறகு, “ம்.” பிறகு, “ம்ம்…” என்று இழுத்து, வேண்டாம் என்பதாக. “மூணும் ஒண்ணா?”

ஜெபக்கனிக்கு அவை மூன்று வெவ்வேறு மனிதர்கள் போல இருந்தன.

“ஒண்ணுதானே,” என்றார் கோமதிநாயகம். “கடைசி கொஞ்சம் நீளம்.”

நவநீதன் தரையைப் பார்த்தார். காவலர், யாரும் கேட்காமலே, “ஒண்ணுதான் ஐயா,” என்றார்.

இன்னாசி மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தான்.

“ஏளா. உனக்குமா?”

“மூணும் ஒண்ணாத்தான் கேக்கு.”

“ரெண்டாவது பிள்ளை வேண்டாம்னியே. அன்னைக்கு நான் என்ன சொன்னேன்?”

“சரின்னீக.”

அவன் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தான். முகத்தில் கோபம் வரும் என்று ஜெபக்கனி எதிர்பார்த்தாள். வரவில்லை. வீட்டுக்குள் நுழைந்து, சாமான் எல்லாம் போய்விட்டது என்று கண்டவன் எந்த மூலையில் முதலில் தேடுவது என்று தெரியாமல் நிற்பானே, அப்படி நின்றான். பிறகு உட்கார்ந்துவிட்டான்.

கோமதிநாயகம் தீர்ப்பை வாசித்தார்: அந்த ‘ம்’ சம்மதம்தான், குற்றம் இன்னாசியுடையது. வாசிக்க அதிக நேரம் ஆகவில்லை. முடித்துவிட்டு, “விளங்குச்சா?” என்று கேட்டார். இன்னாசி பதில் சொல்லவில்லை. சற்றுக் காத்திருந்து இயந்திரம் சொன்னது: “எதிர்ப்பு இல்லை.”

நடைபாதையில் நவநீதன் ஜெபக்கனியின் பின்னாலேயே வந்தார்.

“மேடம், ஒரு நிமிசம்.”

அவள் நின்றாள்.

“நீங்க கேட்டது சரிதான். அது ஏறுது. வெட்டாத மூலப் பதிவை நான் ஆபீஸ்ல பாத்தேன்.”

“அங்க சொல்லியிருக்கலாமே.”

“சொன்னா இந்த ஒரு ‘ம்’ மட்டும் தப்பாகாது மேடம். இந்த ஊர்ல முத்து வந்த நாள்லேர்ந்து வாய்ச்சம்மதம்னு பதிவானது எல்லாமே தப்பாகிடும். ஆஸ்பத்திரியில, வீட்டு ஒப்பந்தத்துல, போலீஸ் ஸ்டேஷன்ல. பாதிரியார் கேட்டு ‘ம்’னு சொன்ன கல்யாணம் எத்தனை. அதையெல்லாம் யாரு திரும்பப் போய்க் கேக்கிறது? யாருக்கு அதைத் தெரிஞ்சுக்கணும்?”

“அதுக்காக ஒரு ஆளை உள்ள போடுவீங்க.”

“நான் போடலைங்க,” என்றார். பிறகு, அதுவும் எடுபடாது என்று தெரிந்தவர் போல, “இனிமே வெறுங்காது சாட்சி தேவையில்லைன்னு தலைவர் எழுதப் போறார். இன்னைக்கு நடந்ததைக் காரணம் காட்டி. உங்களுக்கு முத்து வைக்க ஏற்பாடு பண்ணச் சொன்னார். நல்ல மாடலாப் பாத்துத் தரேன். சம்மதம்தானே மேடம்?”

ஜெபக்கனி அவரைப் பார்த்தாள். அவள் தொண்டை வரை ஒரு ‘ம்’ வந்தது. என்ன மனுசன் நீ என்று கேட்கிற ‘ம்’. அதை வெளியே விடாமல் விழுங்கிக்கொண்டாள். அவர் காதுக்குப் பின்னால் அந்தச் சின்ன மேடு தெரிந்தது.

“யோசிச்சுச் சொல்லுதேன்,” என்றாள், வாயைத் திறந்து, ஒவ்வொரு எழுத்தாக.

கைதிகளை வைக்கும் அறை கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. இரும்புக் கதவு. நெஞ்சு உயரத்தில் கம்பி வைத்த ஒரு சன்னல். வண்டி வரும்வரை அங்கேதான் வைப்பார்கள். சேசம்மா கதவுக்கு முன்னால் நின்றிருந்தாள். ஜெபக்கனியைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“எக்கா, முன்னால பெஞ்சுல இருக்கையில, அண்ணன் வீட்டுக்குப் போகட்டான்னு கேட்டேன்ல. அதுக்கு என்ன சொன்னாக?”

“போகாதன்னு சொன்னாக. போகாதன்னும் சொல்ல முடியாமச் சொன்னாக.”

சேசம்மா தலையை ஆட்டினாள். வேகமாக, பலமுறை ஆட்டினாள்.

“நீங்க அப்பவே சொல்லியிருந்தா நான் அங்க வாயே தொறந்திருக்க மாட்டேன்.”

“தெரியும்.”

அதற்கு மேல் சேசம்மா அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவளுக்கு அதற்கு நேரமில்லை, அவ்வளவுதான். காவலர் இன்னாசியை அழைத்துக்கொண்டு வந்துவிட்டார்.

“எக்கா, நான் ஒண்ணு அவுககிட்டக் கேக்கப் போறேன். நீங்க கூட நில்லுங்க. அவுக என்ன சொல்லுதாகன்னு நீங்க கேட்டு எனக்குச் சொல்லணும். உள்ளது உள்ளபடி.”

ஜெபக்கனி அவள் பக்கத்தில் நின்றாள். சாவியைத் துழாவிக்கொண்டிருந்த காவலர் தடுக்கவில்லை.

“ஏங்க,” என்றாள் சேசம்மா. “இத்தன வருசமும் நீங்க சொன்னது எதுவும் எனக்குக் கேக்கல. இனிமே கேப்பேன். எக்காகிட்டப் படிச்சுக்கிடுவேன், உங்க மூஞ்சியப் பாத்துக் கேட்டுக்கிடுவேன், எப்படியாவது. நீங்க வெளிய வாரவரைக்கும் இருப்பேன். நீங்க வந்த பெறவு என்கூட இருப்பீகளா?”

இன்னாசி கதவுச் சட்டத்தில் கை வைத்து நின்றான். அவள் முகத்தைப் பார்த்தான். பார்க்காமல் பார்த்தது போலவும் இருந்தது.

“ம்,” என்றான்.

ஜெபக்கனி அதுவரை தன் வாழ்நாளில் இல்லாத கவனத்தோடு கேட்டாள். காற்று இல்லை. டிரோன்கள்கூட அந்த நேரம் பார்த்து ஓய்ந்திருந்தன. நன்றாக, முழுசாக, அடிப்படி முதல் கேட்டது. ஏறவில்லை. இறங்கவில்லை. ஆரம்பித்த இடத்திலேயே நின்று, அந்த இடத்திலேயே முடிந்தது. ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை, கேள்வியும் இல்லை. பலகையில் கையால் தட்டினால் வருகிற சத்தத்துக்கு அதைவிட அர்த்தம் உண்டு. கேட்க ஆளில்லாத ஊரில் எதற்கு ஏற்றி இறக்க வேண்டும் என்று அவன் ஒரு பிற்பகலில் கற்றுக்கொண்டுவிட்டான்.

அவன் உள்ளே போனான்.

“எக்கா,” என்றாள் சேசம்மா. அவள் விரல்கள் ஜெபக்கனியின் மணிக்கட்டில் இறுகின. “என்ன சொன்னாக?”

ஜெபக்கனி தனக்குள் தேடிப் பார்த்தாள். கையில் ஒன்றும் மிச்சம் இல்லை.

“சரின்னு சொன்னாக,” என்றாள்.

காவலர் கதவை இழுத்துச் சாத்தி, தாழைத் தள்ளி, பூட்டினார்.